பாங்ஙா விரிகுடாவின் கடற்குகைகளுக்குச் சிறு குழுவாகப் படகில் செல்வது எப்படி?

தாய்லாந்தின் தெற்கில், புக்கெட் தீவுக்கும் கிராபி மாகாணக் கரைக்கும் நடுவே இருக்கும் பாங்ஙா விரிகுடாவுக்கு நான் இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை, சுண்ணாம்புக்கல் மலை ஒன்றின் அடியில் குகை வாயிலுக்கு எதிரே முக்கால் மணி நேரம் படகில் உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளே போகாமலேயே திரும்பினேன். கடல் ஏறி வாயிலின் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பணம் கொடுத்து, விடுமுறை எடுத்து, அவ்வளவு தூரம் சென்ற என்னிடம் அந்த நாளின் கடல் ஏற்ற நேரத்தை ஒருவரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டாம் முறை எல்லாவற்றையும் விசாரித்து, நாளையும் நேரத்தையும் நானே தேர்ந்தெடுத்துச் சென்றேன். உங்களுக்கு முதல் முறையே அப்படி அமைய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. எந்தத் தீவு, எந்தக் குகை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

இந்த விரிகுடாவின் சிறப்பு வெறும் குகைகள் அல்ல. குகை ஒரு சுரங்கம் போல மலையைத் துளைத்துச் சென்று, நடுவில் வானம் தெரியும் ஒரு வட்டக் குளத்தில் திறக்கிறது. நான்கு புறமும் செங்குத்தான பாறைச் சுவர், கீழே கடல்நீர், சுற்றிலும் அலையாத்தி மரங்கள் என்று இருக்கும் இந்த இடங்களைத் தாய் மொழியில் 'ஹொங்' என்கிறார்கள். அறை என்று பொருள். பனக் தீவிலும் ஹொங் தீவிலும் இவற்றைப் பார்க்கலாம்.

முதல் பொறி பெயரிலேயே இருக்கிறது. ஹொங் என்ற பெயரில் இரண்டு தீவுகள் உள்ளன. ஒன்று பாங்ஙா விரிகுடா தேசியப் பூங்காவுக்குள் இருப்பது. குகைக்காகச் செல்வது இங்கேதான். மற்றொன்று கிராபிக் கரைக்கு அருகில், தான் பொக் கொரனி தேசியப் பூங்காவில் இருப்பது; அங்கே அழகான வெண்மணல் கரையும் பாறைகளுக்கு நடுவே ஓர் உப்பங்கழியும் உண்டு, ஆனால் படுத்துக்கொண்டு நுழையும் இருட்டுக் குகைப் பயணம் அது அல்ல. விளம்பரத்தில் 'ஹொங் தீவு' என்று மட்டும் இருந்தால், எந்த மாகாணத்து ஹொங் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'பனக்' என்ற பெயரும் பயணத் திட்டத்தில் இருந்தால் அது பாங்ஙாதான் என்று நம்பலாம்.

ஆணி போல நீரில் நிற்கும் தாப்பூ பாறையைக் காண்பதுதான் உங்கள் முதல் விருப்பம் என்றால், அதற்கான பயணங்கள் வேறு. சுமார் 20 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறையின் அருகில் படகுகள் நெருங்க 1998 முதல் தடை இருப்பதால், எதிரே உள்ள தீவில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு வருவதுதான் நடக்கும். ஒரே நாளில் தாப்பூவும் நான்கு குகைகளும் இரண்டு கடற்கரைகளும் என்று அடுக்கும் திட்டங்களில் ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம்தான் கிடைக்கும். குகைக்காகச் செல்கிறீர்கள் என்றால் குகைகளுக்கே அதிக நேரம் ஒதுக்கும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

2. விலையைப் பார்ப்பதற்கு முன் திதியைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

குகையின் வாயில் திறப்பதும் மூடுவதும் கடலின் கையில் இருக்கிறது. நீர் ஏறினால் கூரைக்கும் நீருக்கும் இடையே இடைவெளி இருக்காது. முழுதாக வற்றினால் தரை சேறாகிவிடும், கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு நகராது. இரண்டுக்கும் நடுவே, நீர் அளவாக நிற்கும் நேரத்தில் மட்டுமே நுழையவும் வெளியே வரவும் முடியும். அந்தமான் கடலின் இந்தப் பகுதியில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் நிகழ்கின்றன. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகிறது. எனவே சென்ற வாரம் காலை பத்து மணிக்கு உள்ளே சென்று வந்த உங்கள் நண்பரின் அனுபவம் இந்த வாரம் உங்களுக்குப் பொருந்தாது.

அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாட்களை ஒட்டியும் அவற்றுக்கு அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்ற இறக்கம் மிகப் பெரியதாக இருக்கும். புக்கெட் பக்கத்தில் நீர்மட்டம் இரண்டு மீட்டருக்கும் மேல் மாறும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே இதற்குப் போதும் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தந்த செய்தி. நம் கடற்கரையில் மீன்பிடிப்பவர்களுக்கு இது புதிதும் அல்ல. ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும் நாட்களில் நீர் வேகமாக ஏறி வேகமாக இறங்குவதால், குகைக்குள் நுழைவதற்கான நேரம் குறுகியது, நீரோட்டமும் வலுவாக இருக்கும். சிறிதாக இருக்கும் நாட்களில் நீர் மெல்ல நகர்வதால் பரபரப்பு குறைவு. ஒவ்வொரு குகையின் கூரையும் ஒவ்வோர் உயரத்தில் இருப்பதால், எந்த நாளில் எது திறக்கும் என்பதை அங்கேயே தினமும் துடுப்புப் போடுபவர்களால் மட்டுமே சரியாகச் சொல்ல முடியும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை இரண்டு. புக்கெட்டின் தபாவ் நொய் நிலையத்துக்கான ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏற்ற இறக்க அட்டவணையை, இணையத்தில் எடுத்து, நீங்கள் செல்லவிருக்கும் நாளின் ஏற்ற, வற்ற நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நேரங்களைச் சொல்லி, "அன்று எந்தக் குகைக்கு எத்தனை மணிக்கு நுழைவீர்கள்?" என்று படகு நடத்துபவரிடம் கேளுங்கள். நல்ல நடத்துநர் தயங்காமல் பதில் சொல்வார். ஓதத்துக்கு ஏற்பப் புறப்படும் நேரத்தையே மாற்றுவார். "எல்லா நாளும் ஒரே நேரம்தான், கவலை வேண்டாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். முதல் முறை எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

மாதத்தைப் பொறுத்தவரை, நவம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாகவும் கடல் அமைதியாகவும் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். பாங்ஙா விரிகுடா மூன்று பக்கமும் நிலத்தால் சூழப்பட்டிருப்பதால், திறந்த கடலில் படகுகள் நிறுத்தப்படும் பல நாட்களிலும் இங்கே பயணம் நடக்கிறது. ஆனால் மழை நிச்சயம் வரும். சிமிலன் தீவுகளையும் சேர்த்துத் திட்டமிடுபவர்கள் கவனிக்க வேண்டியது, அவை ஆண்டுதோறும் மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படுகின்றன. பீ பீ தீவுகளில் உள்ள மாயா குடா ஆகஸ்ட், செப்டம்பரில் மூடியிருக்கும்.

3. படகின் வகையைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வகைகள் உண்டு. முதலாவது, பெரிய இரண்டடுக்குப் படகு. மெதுவாகச் செல்லும், ஆட்டம் குறைவு, கழிப்பறையும் நிழலும் இருக்கும். அதன் மேல்தட்டிலிருந்து கயாக்குகளை இறக்கி உங்களைக் குகைக்கு அழைத்துச் செல்வார்கள். இரண்டாவது, ஸ்பீட் போட். நேரம் மிச்சமாகும், ஆனால் அலையில் முதுகுக்கு அடி விழும். கர்ப்பிணிகளையும் முதுகுவலி உள்ளவர்களையும் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். மூன்றாவது, உள்ளூர் நீள்வால் படகு. நீண்ட இரும்புத் தண்டின் நுனியில் சுழலி பொருத்திய இந்த மரப் படகில் ஐந்தாறு பேர் சேர்ந்து தனியாக வாடகைக்குச் செல்லலாம். பாங்ஙா நகரத்துக்குத் தெற்கே உள்ள தா டான் துறையில் கிடைக்கும். பேச்சுக் கேட்காத அளவு இயந்திரச் சத்தம் இருக்கும், கயாக்குக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

வயதான பெற்றோரோ சிறு குழந்தைகளோ உடன் வந்தால் பெரிய படகையே பரிந்துரைப்பேன். என் அம்மாவை அழைத்துச் சென்றது அதில்தான். கயாக்கில் இறங்க விரும்பாதபோது அவர் மேல்தட்டில் நிழலில் உட்கார்ந்து மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4. முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றை எழுத்தில் கேளுங்கள்

'சிறு குழு' என்ற சொல்லுக்கு அங்கே அளவுகோல் இல்லை. எட்டுப் பேரையும் அப்படிச் சொல்கிறார்கள், முப்பது பேரையும் அப்படிச் சொல்கிறார்கள். எனவே படகில் மொத்தம் எத்தனை பேர், ஒரு கயாக்கில் எத்தனை பேர், துடுப்புப் போட வழிகாட்டி இருப்பாரா அல்லது நாமே போட வேண்டுமா என்று மூன்றையும் கேளுங்கள். குகைக்குள் ஒரு கயாக்கில் இரண்டு பயணிகளும் ஒரு வழிகாட்டியும் என்பதே நல்ல ஏற்பாடு. இருட்டில், தலைக்கு ஒரு சாண் மேலே பாறை இருக்கும் இடத்தில், புதியவர்கள் துடுப்புப் போடக் கற்றுக்கொள்வது நல்லதல்ல.

அடுத்து, தெருமுனைக் கடைகளிலும் விடுதி வரவேற்பு மேசைகளிலும் விற்பவர்கள் பெரும்பாலும் முகவர்களே. நீங்கள் வாங்கும் சீட்டு யாருடைய படகுக்கு என்று பெயரைக் கேட்டு, அந்த நடத்துநரின் சுற்றுலா உரிம எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். என் முதல் பயணத்தில் நான் பேசிய நிறுவனம் வேறு, என்னை ஏற்றிக்கொண்ட படகு வேறு. குறை சொல்லப் போனபோது இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

வானிலை காரணமாக அவர்கள் ரத்து செய்தால் முழுப் பணம் திரும்ப வருமா, வேறு நாள் மட்டும்தான் தருவார்களா, ஓதம் ஒத்துவராமல் குகைக்குள் செல்ல முடியாவிட்டால் என்ன செய்வார்கள் என்பதையும் அதே செய்தியில் கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பதிலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஆவணங்கள்

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் 60 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் அறிவித்தது. இத்தகைய சலுகைகள் திருத்தப்படுபவை என்பதால், விமானச் சீட்டு வாங்கும் நாளில் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். திரும்பும் விமானச் சீட்டும் விடுதி முன்பதிவும் அச்சிட்டுக் கையில் இருக்கட்டும்.

2025 மே 1 முதல் எல்லா வெளிநாட்டவரும் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. தேடுபொறியில் தேடினால், அரசுத் தளம் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும். குடிவரவுத் துறையின் தளத்தைத் தவிர வேறெங்கும் கடவுச்சீட்டு விவரத்தையோ அட்டை எண்ணையோ கொடுக்காதீர்கள். வரும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் சேமித்து, ஒரு தாளிலும் அச்சிட்டு வையுங்கள்.

படகுக்கு எல்லாருடைய பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் கேட்பார்கள். பயணிகள் பட்டியலுக்கும் காப்பீட்டுக்கும் அது தேவை. கேட்காத படகில் ஏறாதீர்கள். எண்ணைக் கொடுத்தால் போதும், கடவுச்சீட்டையே பிணையாக யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். அது விடுதிப் பெட்டகத்தில் இருக்கட்டும், கைப்பேசியில் ஒரு நகல் வைத்திருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது படகு, கயாக் போன்ற நீர் நடவடிக்கைகள் அதில் அடங்குமா என்று விதிமுறைத் தாளைப் படியுங்கள்.

6. செலவு

கயாக், சாப்பாடு, விடுதியிலிருந்து வண்டி எல்லாம் சேர்ந்த நல்ல சிறு குழுப் பயணத்துக்கு ஒருவருக்கு 3,000 முதல் 4,500 பாட் வரை ஆகும். கூட்டமாகச் செல்லும் படகுகள் 1,500 பாட்டுக்கும் கிடைக்கின்றன. விலையில் பெரும்பாலும் சேராதவை: தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் (நான் சென்றபோது வெளிநாட்டுப் பெரியவருக்கு 300 பாட், சிறுவருக்கு 150), தொலைவான விடுதிக்கு வண்டிக் கூடுதல், வழிகாட்டிக்கு அன்பளிப்பு. பூங்காக் கட்டணம் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு, சேரவில்லை என்றால் சில்லறையாகப் பணம் கொண்டு செல்லுங்கள். படகுத்துறையில் அட்டை வாங்குவார்கள் என்று எண்ண வேண்டாம். தாய்லாந்தின் ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம் பிடிக்கிறார்கள். அடிக்கடி சிறு தொகை எடுக்காமல் ஒரே முறை எடுங்கள்.

அன்பளிப்பு கட்டாயம் இல்லை. ஆனாலும் நாள் முழுதும் வெயிலில் துடுப்புப் போட்டு, குகைக் கூரை வரும்போதெல்லாம் நம் தலையைத் தன் கையால் மறைத்துக் காப்பாற்றியவருக்கு 200 பாட் கொடுப்பதை நான் செலவாக நினைக்கவில்லை.

7. சைவம் சாப்பிடுபவர்கள் முதல் நாளே சொல்லுங்கள்

படகில் மதிய உணவு சமைத்துத் தருவார்கள். 'காய்கறி மட்டும்' என்று சொன்னால் காய்கறிதான் வரும், ஆனால் அதில் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். அவர்களுக்கு அது உப்பு போட்டது போலத்தான். 'ஜே' என்று கேட்டால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லாமல், பூண்டு வெங்காயமும் சேர்க்காமல் செய்வார்கள். முதல் நாள் மாலையே செய்தி அனுப்புங்கள். படகில் ஏறிய பின் சொன்னால் வெறும் சோறும் தர்பூசணியும்தான் கிடைக்கும்.

சில பயணங்களில் பன்யீ தீவில் மதிய உணவு இருக்கும். நீருக்கு மேல் கால்கள் ஊன்றிக் கட்டிய அந்த மீனவக் கிராமத்தில் வாழ்பவர்கள் முஸ்லிம்கள், உணவு ஹலால். நீச்சலுடையோடு இறங்காமல், தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திக்கொள்ளுங்கள். மது கொண்டு செல்லாதீர்கள்.

8. பையில் இருக்க வேண்டியவை

தண்ணீர் புகாத பை, நனைந்தாலும் காயும் உடை, பின்பட்டை உள்ள செருப்பு, தொப்பி, துண்டு, வாந்தி மாத்திரை, குடிநீர்ப் புட்டி. மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை. புறப்படுவதற்கு அரை மணி முன்பே போடுங்கள்.

வெயில் பூச்சு வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், பியூட்டைல்பாராபென் உள்ளிட்ட நான்கு வேதிப்பொருட்கள் கொண்ட பூச்சுகளைக் கடல்சார் தேசியப் பூங்காக்களில் 2021 ஆகஸ்டில் தடை செய்தார்கள். பவளப்பாறைகளைக் காக்கும் இந்த விதியை மீறினால் ஒரு லட்சம் பாட் வரை அபராதம் விதிக்கலாம். முழுக்கை மேலாடை போட்டுக்கொண்டால் பூச்சின் தேவையே பாதியாகக் குறையும். மின்சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம், பையில்கூட வேண்டாம்.

9. குகைக்குள் நடந்துகொள்ளும் முறை

வழிகாட்டி "படுங்கள்" என்று சொன்னதும் முழுதாக மல்லாந்து படுத்துவிடுங்கள். தலையை நிமிர்த்திப் பார்க்கவோ, கையை வெளியே நீட்டவோ கூடாது. கூரையில் சிப்பிகள் ஒட்டியிருக்கும். அவற்றின் விளிம்பு பிளேடு போல அறுக்கும். இரண்டாம் பயணத்தில் நாங்கள் நுழைந்த குகையில், என் மூக்குக்கு மேல் நான்கு விரல் இடைவெளியில் அந்தச் சிப்பிகள் மெதுவாக நகர்ந்து சென்றதைத் தலைவிளக்கின் மஞ்சள் ஒளியில் பார்த்தேன். வழிகாட்டி துடுப்பை மடியில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் கூரையைத் தள்ளித் தள்ளியே கயாக்கை நகர்த்தினார். வௌவால் எச்சத்தின் காரமான நெடி, பாறையிலிருந்து நெற்றியில் விழுந்த குளிர்ந்த ஒரு சொட்டு நீர், பிறகு சட்டென்று பச்சை வெளிச்சம். எழுந்து உட்கார்ந்தபோது சுற்றிலும் சுவர், மேலே ஒரு துண்டு வானம், சேற்றில் துள்ளும் சேற்றுத்தாவி மீன்கள். யாரும் பேசவில்லை.

பேசாமல் இருப்பது அங்கே விதியும்கூட. பாறைச் சுவர்கள் சத்தத்தைப் பெருக்கும், குரங்குகளும் பறவைகளும் விலகிவிடும். குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள். தேசியப் பூங்காவில் அது குற்றம், கடித்தால் வெறிநோய்த் தடுப்பூசிக்கு மருத்துவமனை தேடி அலைய வேண்டியிருக்கும். இருட்டோ இடுக்கோ அச்சம் தருமென்றால் முதலிலேயே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். கூரை உயரமான குகையை மட்டும் காட்டுவார்கள். "வெளியே போகலாம்" என்று வழிகாட்டி சொல்லும்போது இன்னும் ஒரு புகைப்படம் என்று கெஞ்சாதீர்கள். நீர் ஏறிக்கொண்டிருந்தால் அந்த ஐந்து நிமிடத்தில் வாயில் மூடிவிடக்கூடும். பிறகு அது திறக்கும்வரை சில மணி நேரம் உள்ளேயே காத்திருக்க வேண்டும்.

10. கடற்கரையில் இறங்கும்போதும் திரும்பும்போதும்

குகைகளுக்குப் பிறகு லாவா தீவு போன்ற ஏதாவது ஒரு மணற்கரையில் நீந்த விடுவார்கள். விரிகுடாவின் நீர் பால் கலந்த பச்சை நிறத்தில் கலங்கலாகத்தான் இருக்கும். பவளமும் வண்ண மீன்களும் பார்க்க இது இடமல்ல, அதற்குத் திறந்த கடல் தீவுகளுக்குத் தனியாகச் செல்ல வேண்டும். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். குழந்தைக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா என்று ஏறும் முன்பே போட்டுப் பாருங்கள். பெரியவர்களுடையதைக் குழந்தைக்கு மாட்டினால் நீரில் அது மட்டும் மேலே வந்து நிற்கும்.

நண்பகலில் புறப்பட்டு இரவில் திரும்பும் பயணங்களும் உண்டு. காலைக் கூட்டம் கலைந்த பின் குகைக்குள் செல்லலாம், இருட்டிய பிறகு நீரில் கை விட்டால் விரல்களைச் சுற்றி நுண்ணுயிர்கள் நீல நிறத்தில் மின்னுவதையும் பார்க்கலாம். ஓதம் ஒத்துவந்தால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

வானிலை எச்சரிக்கை இருக்கும் நாளில் யார் வற்புறுத்தினாலும் ஏறாதீர்கள். 2018 ஜூலையில் புக்கெட்டுக்கு அப்பால் திறந்த கடலில் ஒரு சுற்றுலாப் படகு புயற்காற்றில் மூழ்கி 47 பேர் இறந்தார்கள். பணத் தகராறோ மிரட்டலோ ஏற்பட்டால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155; ஆங்கிலத்தில் பேசலாம்.

ஊர் திரும்பும் விமானத்தை அதே நாள் இரவுக்கு வைக்காதீர்கள். புக்கெட்டின் வடகிழக்குக் கரையில் இருக்கும் ஆவ் போ போன்ற துறைகளிலிருந்து மேற்குக் கரையின் படோங் பக்கத்து விடுதிகளுக்கு மாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும், படகும் தாமதமாகலாம். பயணத்தைத் தங்கும் நாட்களின் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால், மழையால் ரத்தானாலும் மாற்று நாள் கையில் இருக்கும். அந்த மாற்று நாளின் ஓத நேரத்தையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.